சுருல், வர்தா, பாபல்: கையால் படித்த கல்வியின் கதை

புனேவுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. என் டீமில் மராத்திப் பையன் ஒருவன் இருக்கிறான். டெஸ்டிங் வேலை. ஒருநாள் எங்கள் அபார்ட்மெண்ட் மோட்டார் பழுதாகிப் போய், எலக்ட்ரீஷியன் மூன்று நாள் கழித்துத்தான் வருவேன் என்று கைவிரித்துவிட்டார். எதேச்சையாக வீட்டுக்கு வந்திருந்த இவன் ஸ்க்ரூ டிரைவர் கேட்டான். அரை மணியில் தண்ணீர் மேலே ஏறிவிட்டது. ‘இதெல்லாம் எங்கேப்பா கத்துக்கிட்டே?’ என்றேன். ‘எங்க ஸ்கூல்ல ஐ.பி.டி. இருந்தது சார்’ என்றான்.

எட்டாவதிலிருந்து பத்தாவது வரை, வாரத்தில் ஒரு நாள் முழுக்க அந்த வகுப்பாம். வெல்டிங், வயரிங், மண் பரிசோதனை, நாற்றங்கால். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பதும் உண்டாம். எல்லாம் ஒரு சாதாரண கிராமத்து உயர்நிலைப் பள்ளியில். நான் படித்த பள்ளியில் ‘கைத்தொழில்’ என்று டைம்டேபிளில் ஒரு பீரியட் இருந்தது. கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பிக் கொடுத்ததாக ஞாபகமில்லை.

இந்த ஐ.பி.டி. எங்கிருந்து வந்தது என்று தேடப்போனவன், நூறு வருடம் பின்னால் போய் வங்காளத்தில் நின்றேன். வழியில் ஒரு யாழ்ப்பாணத் தமிழரும் ஒரு தஞ்சாவூர்த் தமிழரும் எதிர்ப்பட்டார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கவிஞரின் பண்ணை

தாகூரை நமக்குக் கவிஞராகத் தெரியும். அவர் ஜமீன்தாராகவும் இருந்தார் என்பதை மறந்துவிடுகிறோம். கிழக்கு வங்காளத்தில் குடும்ப நிலங்களைப் பார்த்துக்கொள்ளப் போனபோதுதான் குடியானவனின் கடனும் பட்டினியும் அவர் கண்ணில் பட்டன. பதிசர் என்ற ஊரில் விவசாயிகளுக்காக ஒரு வங்கி தொடங்கினார். நோபல் பரிசுப் பணத்தையும் அதில்தான் போட்டார். 1906இல் மகன் ரதீந்திரநாத்தை விவசாயம் படிக்க அமெரிக்காவுக்கு, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். வசதியான வீட்டுப் பிள்ளைகள் லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் ஆகும் காலம் அது. (இல்லினாய்ஸ் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.)

சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் சுருல் என்ற கிராமத்தில் ஒரு பழைய வீட்டை 1912இல் வாங்கினார். அங்கே என்ன செய்ய வேண்டும் என்பது மனதில் இருந்தது. செய்ய ஆள் இல்லை. அமெரிக்காவில் இருந்தபோது லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் கிடைத்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தவர். பணம் டோரதி ஸ்ட்ரெய்ட் என்ற அமெரிக்கப் பெண்மணியிடமிருந்து வந்தது. பின்னால் 1925இல் இவர்கள் இருவரும் மணந்துகொண்டு இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் ஹாலில் இதே போன்ற முயற்சியைத் தொடங்கினார்கள் என்பது தனிக்கதை.

1922 பிப்ரவரி 6ஆம் தேதி சுருலில் வேலை தொடங்கியது. அதுதான் பிற்பாடு ஸ்ரீநிகேதன். உயர்சாதி வீட்டுப் பையன்களுக்கு எல்ம்ஹர்ஸ்ட் வைத்த முதல் பாடங்களில் ஒன்று, தங்கள் கழிவைத் தாங்களே அள்ளி மண்ணில் புதைத்து உரமாக்குவது! அதற்கு அப்புறம்தான் காய்கறித் தோட்டம், கோழி, தறி எல்லாம்.

அதே ஆண்டில் கல்கத்தாவில் எல்ம்ஹர்ஸ்ட் ‘மண்ணின் கொள்ளை’ என்ற பொருளில் ஓர் உரை நிகழ்த்தினார். தாகூர்தான் தலைமை. சாரம் இதுதான்: கிராமத்து மண்ணின் சத்து தானியமாக நகரத்துக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. மண்ணை மட்டுமா சொன்னார்கள்? படித்த பையனும் அப்படித்தானே போகிறான். புனேயில் உட்கார்ந்து இதை எழுதுகிற நானும் அந்த ஏற்றுமதிக் கணக்கில் ஒரு மூட்டைதான்.

ஸ்ரீநிகேதனில் எனக்குப் பிடித்த விஷயம் அவர்கள் வேலையைத் தொடங்கிய வரிசை. எடுத்த எடுப்பில் பாடத்திட்டம் எழுதவில்லை. காளிமோகன் கோஷ் போன்றவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஊரைக் காலி செய்துகொண்டிருந்தது மலேரியா. காய்ச்சலில் படுத்திருப்பவனிடம் தறியைக் கொடுத்து என்ன பயன்? அதனால் குட்டைகளைச் சுத்தம் செய்வது, கொசுவை ஒழிப்பது, கூட்டுறவு முறையில் மருத்துவம் என்று போனார்கள். கிராமத்துச் சிறுவர்களைச் சாரணர் படைபோல ‘பிரதி பாலகர்’ என்று திரட்டி அந்த வேலையில் சேர்த்தார்கள். கைத்தொழில் கூடத்தில் நெசவு, மண்பாண்டம், அரக்கு வேலை, தோல் வேலை கற்றுக்கொடுத்தார்கள். இன்றைக்குக் கண்காட்சிகளில் சாந்திநிகேதன் பை என்று பூ வேலைப்பாட்டுடன் விற்கிறார்களே, அந்தத் தோல் பையின் பிறப்பிடம் இதுதான். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

1924இல் ‘சிக்ஷா சத்ரா’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். சாந்திநிகேதன் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், பெற்றோர் பரீட்சை பரீட்சை என்று நச்சரிக்கிறார்கள் என்ற சலிப்பு தாகூருக்கு உண்டு. ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளுக்காக, வேலையும் படிப்பும் ஒன்றாக இருக்கும் பள்ளியாக இதை நினைத்தார். 1927இல் அது ஸ்ரீநிகேதனுக்கே இடம் மாறியது.

யாழ்ப்பாணத்தவரும் தஞ்சாவூர்க்காரரும்

சாந்திநிகேதனில் அப்போது ஆரியநாயகம் என்பவர் இருந்தார். இலங்கையின் யாழ்ப்பாணத் தமிழர், கிறிஸ்தவர். தாகூருக்குச் செயலாளராகவும் இருந்தார். 1930இல் தாகூர் ஐரோப்பாவுக்கும் சோவியத் ரஷ்யாவுக்கும் போனபோது உடன் போனவர்களில் இவரும் ஒருவர். அங்கே ஆசிரியையாக இருந்த ஆஷாதேவியை மணந்தார். பிறகு இருவரும் காந்தியிடம் வர்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வர்தாவில் ஏற்கெனவே ஒரு தமிழர் இருந்தார். ஜே.சி.குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர், லண்டனில் கணக்காயர் படிப்பு, பம்பாயில் சொந்தத் தொழில், பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். கோட்டு சூட்டோடு 1929இல் காந்தியைப் பார்க்கப் போனவரிடம், குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் தாலுகாவை ஆய்வு செய்யச் சொன்னார் காந்தி. குமரப்பா குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஐம்பத்துச் சொச்சம் கிராமங்களில் கணக்கெடுத்தார். நிலம் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, வரி எவ்வளவு, கடைசியில் குடியானவன் கையில் நிற்பது எவ்வளவு?

பாடப்புத்தகத்தில் பொருளாதாரம் படிப்பதும், ஒரு குடியானவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் வரவு செலவை எழுதுவதும் ஒன்றல்ல. உள்ளூர் வளர்ச்சிக்கான கல்வி என்றால் அதன் முதல் வகுப்பு இந்தத் திண்ணையில்தான் நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஊரில் என்ன இருக்கிறது, எது வெளியே போகிறது என்று தெரியாமல் தையல் மெஷின் வாங்கிக் கொடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிவது போல.

1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது குமரப்பா அதன் பொறுப்பை ஏற்றார். வர்தாவில் மகன்வாடி என்ற வளாகத்தில் செக்கு, கையால் காகிதம் செய்வது, தேனீ வளர்ப்பு, சோப்பு, நெல் உமி நீக்குவது என்று ஆராய்ச்சியும் பயிற்சியும் நடந்தன. தாவர எண்ணெயில் எரியும் விளக்கு ஒன்றும் அங்கே உருவானது. மண்ணெண்ணெய் வாங்கும் காசு கிராமத்தை விட்டு வெளியே போகிறது, எண்ணெய் வித்து ஊரிலேயே விளைகிறது என்ற எளிய கணக்குதான் காரணம்.

1937 அக்டோபர்

இந்த இரண்டு ஓடைகளும் கலந்த இடம் வர்தா கல்வி மாநாடு. 1937இல் பல மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. மதுவிலக்கு கொண்டுவர வேண்டும், ஆனால் பள்ளிக்கூடங்களை நடத்தும் பணத்தில் பெரிய பங்கு சாராய வரியிலிருந்துதான் வருகிறது. (டாஸ்மாக் யுகத்துத் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) காந்தி சொன்ன வழி: குழந்தைகள் ஒரு தொழிலின் மூலம் எல்லாப் பாடங்களையும் படிக்கட்டும், அவர்கள் செய்த பொருளை அரசு வாங்கிக்கொள்ளட்டும், அந்த வருமானத்தில் ஆசிரியர் சம்பளம் வரட்டும்.

அக்டோபர் 22, 23 தேதிகளில் மாநாடு. நடந்தது ஆரியநாயகம் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில். பொருளாதார அறிஞர் கே.டி.ஷா அங்கேயே எதிர்த்தார். பிள்ளைகளை வைத்துப் பொருள் உற்பத்தி செய்து சந்தையில் விற்றால், அதே பொருளைச் செய்து வயிறு வளர்க்கும் கைவினைஞன் என்ன ஆவான்? நியாயமான கேள்வி. ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த குழுவில் ஷா, குமரப்பா, ஆரியநாயகம், ஆஷாதேவி எல்லோருமே இருந்தார்கள். டிசம்பரில் வந்த அறிக்கை, வருமானத்தின் மீது கண் வைத்துக் கல்வியைக் கோட்டை விட்டுவிடக் கூடாது என்று எச்சரித்தது. ஏழு வருடக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழி, நடுவில் ஒரு தொழில். 1938இல் ஹரிபுரா காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. இந்துஸ்தானி தாலிமி சங்கம் உருவாகி ஆரியநாயகம் செயலாளரானார், சேவாகிராமம் அதன் இருப்பிடமானது. நம் ஊரில் ஆதாரக் கல்வி என்று சொன்னது இதைத்தான். சென்னையிலிருந்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டெல்லி போகும் தமிழர்கள் அரைத்தூக்கத்தில் கடந்து போகும் அந்தச் சேவாகிராம் ஸ்டேஷனுக்கு இப்படி ஒரு தமிழ்ச் சம்பந்தம் உண்டு.

தமிழ்நாட்டிலும் விதை விழுந்தது. 1947இல் திண்டுக்கல் பக்கத்தில் சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் படித்தவர் என்பதைக் கவனியுங்கள். குமரப்பாவும் கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டிக்கு வந்துவிட்டார். 1960 ஜனவரி 30இல், காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.

நம் ஊரில் இது ஏன் கெட்ட வார்த்தை?

நிற்க. இதுவரை படித்த தமிழ் வாசகர் பலருக்கு ஒரு கேள்வி நாக்கு நுனியில் நிற்கும். ‘இது குலக்கல்விதானே?’

1953இல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளியில் மூன்று மணி நேரம், மீதி நேரம் அப்பாவின் தொழிலைக் கற்பது. இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியர்களை வைத்தும் இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பது அவர் கணக்கு. பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், மாகாணமே கொதித்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார்.

வர்தா திட்டமும் இதுவும் ஒன்றல்ல. வர்தாவில் தொழிலைப் பள்ளிக்குள்ளே ஆசிரியர் கற்றுக்கொடுக்கிறார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே தொழிலைச் சேர்ந்து கற்கிறார்கள். தொழிலைச் சாதியிலிருந்து பிரிப்பதற்கு அதில் ஒரு வழி இருந்தது. ராஜாஜியின் திட்டம் பிள்ளையை அப்பாவிடமே திருப்பி அனுப்பியது. நாவிதர் மகன் நாவிதம், வண்ணார் மகன் வெளுப்பு. காகிதத்தில் சின்ன வித்தியாசம், வாழ்க்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் அந்த நியாயத்தைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. என்னோடு கல்லூரியில் படித்த நண்பனின் அப்பா செருப்புத் தைப்பவர். மகனைக் குத்தூசியைத் தொடவே விட்டதில்லை. ‘இது என் கையோட போகட்டும்டா’ என்பாராம். அவரிடம் போய்க் கையால் உழைப்பதன் மேன்மை பற்றி காந்தியும் பேச முடியாது, தாகூரும் பேச முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கைவேலை செய்தவனுக்கு அது கல்வியல்ல, தண்டனை. ஏட்டுக் கல்விதான் அவன் ஏறி வந்த ஏணி. நண்பன் இன்று சிங்கப்பூரில் இருக்கிறான். அப்பா சொன்னது சரிதான்.

ஆதாரக் கல்வி தோற்றதற்குப் பல காரணம் சொல்வார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை, தக்ளியில் நூற்ற நூலை வாங்க ஆளில்லை, நகரத்துப் பள்ளிகள் பழையபடியே நடந்தன என்பார்கள். இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அதிகாரி மகன் ஆங்கிலப் பள்ளியிலும் குடியானவன் மகன் ராட்டினத்திலும் இருந்தால், குடியானவன் முட்டாளா என்ன? 1964-66 கோத்தாரி குழு வந்தபோது ‘பணி அனுபவம்’ என்று பெயர் மாறியது. 1977இல் ஈஸ்வர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை’ என்றது. பெயர் நீள நீள பீரியட் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் கணக்கு வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தது.

பாபல்

இப்போது இல்லினாய்ஸ். ஸ்ரீநாத் கல்பாக் என்பவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மும்பையில் இந்துஸ்தான் லீவர் ஆராய்ச்சி மையத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். அதை விட்டுவிட்டு 1983இல், ஜே.பி.நாயக் உருவாக்கிய இந்தியக் கல்வி நிறுவனத்தின் ஆதரவில், புனேயிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி பாபல் என்ற வறண்ட கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். மனைவி மீராவும் கூடவே வந்தார்.

சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளியை பாதியில் விட்ட பிள்ளைகள். ஒரு வருடம் தங்கிப் படிக்க வேண்டும். நான்கு பிரிவுகள்: பட்டறை வேலை, மின்சாரமும் எரிசக்தியும், விவசாயமும் கால்நடையும், வீடும் உடல்நலமும். ஒரு பையன் நான்கையும் கற்க வேண்டும். அப்பா தொழில் எது என்று யாரும் கேட்பதில்லை. கிராமத்தில் ஒரே தொழிலை மட்டும் செய்து பிழைக்க முடியாது, பல வேலை தெரிந்தவனே தாக்குப்பிடிப்பான் என்பது அவர் கணிப்பு. அது சாதியோடு தொழிலைக் கட்டிய முடிச்சையும் அவிழ்க்கிறது என்பது என் கணிப்பு.

தக்ளிக்கும் இதற்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. பையன்கள் செய்த நூலை அரசு வாங்க வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊருக்கு எது தேவையோ அதைச் செய்து, அதற்குக் காசு வாங்கச் சொன்னார். வறண்ட பூமியில் கிணறு எங்கே வெட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. மண்ணின் மின்தடையை அளந்து நிலத்தடி நீரைக் கணிக்கும் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். விவசாயி கட்டணம் கொடுத்தான். குவிமாட வடிவ மலிவு வீடு, சின்ன டிராக்டர் எல்லாம் பாபலில் உருவாகின. வெல்டிங் சரியில்லை என்றால் மார்க் குறையாது, கேட் வாங்கியவர் சண்டைக்கு வருவார். இதைவிடக் கறாரான பரீட்சை ஏது?

1987 வாக்கில் இதையே பள்ளிகளுக்கும் கொண்டுபோனார்கள். அதுதான் என் டீம் பையன் படித்த ஐ.பி.டி., அதாவது அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம். கற்றுக்கொடுப்பவர்கள் அந்தந்த ஊரிலேயே தொழில் தெரிந்தவர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவும் ஒரு பாடம், மற்றப் பாடங்களும் உண்டு. ஏணியைப் பிடுங்காமல் சுத்தியலையும் கொடுத்தார்கள். ஒரு வருடப் படிப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் டிப்ளமா அங்கீகாரமும் கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வெளியே அமைந்த முதல் ஃபேப் லேப்களில் ஒன்று 2002இல் வந்தது இந்தப் பாபலுக்குத்தான். கல்பாக் 2003இல் காலமானார். ஆசிரமம் தொடர்கிறது.

பழைய சண்டை, புதிய பெயர்

இந்த விவகாரம் முடிந்துபோன சரித்திரம் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரரிடம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்கிறது. 2023இல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பரம்பரைத் தொழில், 18 வயது என்ற நிபந்தனைகளைக் காட்டி தமிழக அரசு 2024இல் அதை ஏற்க மறுத்தது. சாதிப் பாகுபாடு இல்லாமல் என்று சொல்லி 25 தொழில்களுக்குத் தன் சொந்தத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. 1953இன் சண்டையேதான். வடக்கே உள்ள நண்பர்களுக்கு நாம் ஏன் இதற்கு இவ்வளவு கோபப்படுகிறோம் என்று புரிவதில்லை. நமக்கோ அந்தக் கோபத்தில், கையால் கற்பதில் இருந்த நல்லதும் சேர்ந்து போய்விட்டது.

எனக்குத் தெரிந்தவரை நூறு வருட அனுபவம் மூன்று கேள்விகளாகச் சுருங்குகிறது. யாருடைய பிள்ளை கற்கிறது, எல்லோருடைய பிள்ளையுமா, ஏழையின் பிள்ளை மட்டுமா? என்ன கற்கிறது, ஊர் காசு கொடுத்து வாங்கும் வேலையா, அரசு பரிதாபப்பட்டு வாங்கும் பொருளா? கற்றபின் ஏணி அப்படியே இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் அந்தத் திட்டத்தைச் சந்தேகப்படலாம். மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால், செருப்புத் தைத்த அந்தப் பெரியவர்கூடப் பேரனை அனுப்புவார் என்று நினைக்கிறேன்.

பி.கு.: விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கென்றே ஓர் அரசுக் கல்லூரி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் ஊர்ப் பக்கம்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் இந்த மூன்று கேள்விக்கும் உங்கள் பதிலைச் சொல்லுங்களேன்.